பதினேழரையாவது கிலோமீட்டர்

ரிமூய் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் சிரித்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது முழ நீளப் பூரான் ஒன்று பிரசங்க மேடைமேல் ஏறியது. ஆண்கள் பெஞ்சில் நாங்கள் எல்லாரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டோம். பாடகர் வரிசையிலிருந்து ரிமூய் எழுந்து போனாள். செருப்பைக் கழற்றி ஒரே அடி. "நீங்க சொல்லுங்க போதகரே" என்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பீச் பழம் ஏற்றிய லாரியை இந்த மலைப்பாதையில் அவள் ஓட்டிப்போகும் வேகத்தைப் பார்த்தால் ஆண்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்படிப்பட்டவள்.

அவள் கணவன் தெமு எங்கள் சபையின் மூப்பர். சபைக்கு ஒரு பழைய வெள்ளை வேன் உண்டு, ஒன்பது பேர் உட்காரலாம். அதை ஓட்டியது அவன்தான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவான். மெஷினில் நாலு மணி நேரம். அது முடிகிறவரை வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டிவருவான். டயாலிசிஸ் என்று எங்கள் மலையில் யாரும் சொல்வதில்லை. கிட்னி கழுவுவது என்றுதான் சொல்வோம், ஏதோ முட்டைக்கோஸ் கழுவுகிற மாதிரி.

அந்த மூன்று பேரில் ஒருவன் நான், ஹாயுங். சர்க்கரை வியாதி என் கிட்னியைத் தின்றுவிட்டு, பாதிக் கண்ணையும் தின்றது. மற்ற இருவரும் தாயும் மகனும். யாயுத் அக்காவுக்கு அறுபத்தொன்று. வாயில் பாக்கு இல்லாத நேரத்தில் வசவு இருக்கும். மகன் யூகானுக்கு முப்பத்துநாலு. தலைநகர் தைப்பேயில் உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தவன். அம்மாவின் வியாதி அவனுக்கும் வந்தபிறகு ஊருக்கே திரும்பிவிட்டான். கல்யாணம் ஆகவில்லை.

"எங்க வீட்டுல சொத்துன்னு ஒண்ணும் இல்ல மாமா, இந்தக் கிட்னிதான் பரம்பரையா வருது" என்று சொல்லிச் சிரிப்பான்.

"சிரிக்காதடா, பல்லு மட்டும்தான் நல்லா இருக்கு உனக்கு, அதுவும் விழுந்துடும்" என்பார் அக்கா.

அது ஜூன் மாத அடைமழை. ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ரிமூயும் எங்களோடு வந்திருந்தாள். பழம் அடுக்க அட்டைப்பெட்டி வாங்க வேண்டியிருந்தது. திரும்பும்போது மழை நின்று வெயிலே அடித்தது. யாயுத் அக்காவுக்கு அன்று மெஷினில் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டார்கள். இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ள, பின் சீட்டில் படுத்தபடி முனகிக்கொண்டே வந்தார்.

எங்கள் ஊர் இருபத்துமூன்றாவது கிலோமீட்டரில் இருக்கிறது. பதினேழரையாவது கிலோமீட்டர் வளைவில் பாதைமேல் கற்கள் கிடந்தன. பெரிதாக ஒன்றுமில்லை, பூசணிக்காய் அளவில் நாலைந்து. தெமு முப்பது அடி தள்ளியே வண்டியை நிறுத்தினான்.

"ஃபோன் போடுங்க. ரோட்டுக்காரங்க வந்து எடுக்கட்டும்" என்றாள் ரிமூய்.

"அவங்க வர ரெண்டு மணி நேரம் ஆகும். அத்தை முனகுறது கேக்கலையா?"

பின்னாலிருந்து யாயுத் அக்கா சொன்னார்: "சீக்கிரம் வீட்டுல கொண்டுபோய் விடுடா தெமு. உசுரு போகுது."

"இதோ அத்தை. நாலு கல்லு."

யூகானும் கதவைத் திறந்தான். "நானும் வர்றேன்ணே."

"உக்காருடா. ஊசி குத்துன இடம் பிச்சுக்கிட்டு ரத்தம் கொட்டும். அப்புறம் உங்கம்மா என்னைத் திட்டுவாங்க."

மூன்று கல்லைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டான். நாலாவதைத் தூக்கி, பளு தூக்குகிறவன் மாதிரி தலைக்குமேல் பிடித்து எங்களைப் பார்த்து முகத்தைக் கோணிக்காட்டினான். நாங்கள் சிரித்தோம். பச்சை மண்ணின் வாசனை முதலில் வந்தது, சத்தம் அதற்குப் பிறகுதான். முன் கண்ணாடி முழுக்கச் சேறு. ரிமூய் எட்டி வைப்பரைப் போட்டாள். அது இரண்டு தடவை இப்படியும் அப்படியும் போய்த் துடைத்தபோது, முன்னால் பாதையே இல்லை.

மறுநாள் மத்தியானம்தான் சரிந்த மண்ணைத் தோண்டி அவனை எடுத்தார்கள்.

அடக்கம் அன்று ரிமூய் அழவில்லை. பாடினாள்கூட. "என்ன விசுவாசம் பாரு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதையில் ஒற்றை வண்டி போகிற அளவுக்கு ஒரு வரிசை திறந்தபிறகு, இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட அவளைப் போதகர் பிஹாவ் கீழே கூட்டிப்போனார். பதினெட்டாவது கிலோமீட்டர்க் கல்லைப் பார்த்ததும், ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து குதித்துவிட்டாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. போதகர் எவ்வளவு கெஞ்சியும் வண்டியில் ஏறவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஏற்றத்தை நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப்பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். கோயிலுக்கு வருவதும் நின்றது, கோயிலின் பின்சுவர் மலைச்சரிவை ஒட்டி இருக்கிறது. பார்க்கப் போன பெண்களில் ஒருத்தி, "விசுவாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது ரிமூய்" என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்ப எனக்கு இல்லன்னு வெச்சுக்கங்க. மழை வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போங்க" என்றாளாம் இவள்.

போதகர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. போய் அவள் வாசலில் உட்கார்ந்து, அவள் உரித்துக்கொண்டிருந்த பூண்டில் பாதியை வாங்கி உரித்துக் கொடுத்துவிட்டு வருவார்.

நான் ஒருநாள் முட்டைக்கோஸ் கொண்டுபோனேன். அவளாகவே பேசினாள். "மாமா, ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடுனா அந்த வைப்பர்தான் ஓடுது. சரி, கண்ணைத் திறந்துக்கிட்டே பண்ணலாம்னா எதிர்ல மலை நிக்குது. நான் எங்க போவேன் சொல்லுங்க."

முட்டைக்கோஸை வைத்துவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் போதகர்தான் எங்களைக் கீழே கூட்டிப்போனார். ரிமூயை விட்டால் வேன் ஓட்டத் தெரிந்த ஆட்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. வாலிபர்கள் எல்லாம் கீழே தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் மேலே வருவார்கள்.

ஜூலை கடைசியில் புயல் வந்தது. வியாழக்கிழமை பாதை அடைப்பு, நாங்கள் கிட்னி கழுவப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வரிசை திறந்தார்கள். அன்று சாயங்காலம் போதகர் கோயில் கூரையில் பெயர்ந்த தகரத்தை அடிக்க ஏறி, வழுக்கி விழுந்தார். மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் போயின. அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

சனிக்கிழமை காலையில் யூகான் என் வீட்டுக்கு வந்தான். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது. கால் செருப்புக்குள் நுழையாமல் பாதி வெளியே இருந்தது.

"வாங்க மாமா, அண்ணிகிட்ட கேட்டுப் பாப்போம்."

கூடப் போனேன். ஆனால் வாசல்வரை போகவில்லை. கீழே பீச் மரத்தடியிலேயே நின்றுகொண்டேன். கேட்கிற வெட்கத்தை அந்தப் பையன் தலையில் கட்டிவிட்டேன்.

கதவு திறந்தது. "முடியாது யூகான்" என்றாள் ரிமூய்.

"நான் இன்னும் வாயே திறக்கலயே அண்ணி. சோறு இருக்கான்னு கேக்க வந்திருந்தேன்னா?"

"கீழே ஃபோன் பண்ணுனியா?"

"பண்ணுனேன். இந்தப் பாதைல இப்ப வண்டி அனுப்ப மாட்டாங்களாம். செவ்வாய்க்கிழமை பாக்கலாம்ங்கறாங்க. நானே ஓட்டிருப்பேன், எனக்கு ஸ்கூட்டர்தான் தெரியும். மாமாவுக்குப் பாதிக் கண்ணு. அம்மா ஓட்டுனா வண்டி நேரா பரலோகத்துல போய்த்தான் நிக்கும்."

ரிமூய் கதவுச் சட்டத்தை விடாமல் பிடித்திருந்தாள். மேகம் பதினேழரைப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள்.

"நான் கெட்டவ இல்லடா. என்னால முடியலடா. முடியல."

"ஐயோ, தெரியும் அண்ணி. அழாதீங்க. செவ்வாய் வரைக்கும்தானே. நான் பன்னெண்டாவது மாடில ஒத்தைக் கம்பில நின்னவன். இது என்ன பெரிசு."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இறங்கி வந்தவன் என்னிடம், "அண்ணியை அழ வெச்சுட்டேன் மாமா. கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்திருக்கலாம். அதை இப்போது சொல்கிறேன். அன்று எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், நடந்து திரிகிறவர்களுக்கு எதற்கு ஆம்புலன்ஸ் என்று கூச்சப்பட்டிருப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று வெயில் கொளுத்தியது. எங்கள் வியாதிக்காரர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், தாகம் உயிரை வாங்கும். "நாக்கு ஒட்டிக்கிச்சு மாமா" என்றான். என் மரத்திலிருந்து இரண்டு பீச் பழம் பறித்துக் கொடுத்தேன். "தண்ணிதான் கூடாது, இதையாவது சப்பு" என்றேன். பழம் எங்களுக்கு ஆகாது, அதிலிருக்கிற பொட்டாசிய உப்பு ரத்தத்தில் ஏறி நெஞ்சை நிறுத்திவிடும் என்று நர்ஸம்மா மாதா மாதம் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை கழுவாமல் விட்ட உடம்புக்கு அது விஷம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், ரெண்டே ரெண்டு என்று.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் மணி அடித்தது. யூகான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை ஷூவுக்குள் திணித்துக் கயிறு கட்டக் குனிந்தான். நிமிரவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து யாயுத் அக்கா முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "எந்திரிடா, ரெண்டாவது மணி அடிக்கப் போறாங்க."

அன்று ஆம்புலன்ஸ் வந்தது. சத்தம் கேட்டு ரிமூய் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். முற்றத்து விளிம்புவரை வந்தவள் அதற்குமேல் வரவில்லை. ஒருவரும் அவளோடு பேசவில்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போது யாயுத் அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார்.  நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் ஏறினேன். எங்கள் இருவரையும் அன்றே மெஷினில் போட்டார்கள். ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் மகனைத் துணி சுற்றி வைத்திருக்க, அந்தப்பக்கம் தாய் நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருந்தார். சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் காதுக்குள் போனது. துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதையும் அவர் தூக்கவில்லை.

செவ்வாய்வரை கீழேயே வைத்திருந்து, இன்னொரு தடவை கழுவித்தான் எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை அடக்கம். போதகர் கட்டுப்போட்ட கையோடு வந்து நடத்தினார். ரிமூய் கல்லறைக்கு மேலே, மலைமிளகு மரங்களுக்கு நடுவில், தூரத்தில் நின்றாள். மண் போட வரவில்லை.

மறுநாள் வியாழன். காலையில் என் வாசலில் யாயுத் அக்கா நின்றுகொண்டிருந்தார், ஆஸ்பத்திரிப் பையோடு.

"எந்திரி ஹாயுங். வண்டிக்கு நேரமாச்சு."

"எந்த வண்டிக்கா? யார் ஓட்டுறது?"

அக்கா ரிமூய் வீட்டைப் பார்த்து நடந்தார்.  இன்று ஒன்று நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். இந்த முறை மரத்தடியில் நிற்கவில்லை.

கதவு திறந்தது. அக்கா கேட்டார்: "தெமு வெச்சிருந்த வேன் சாவி இன்னும் உங்கிட்டத்தானே இருக்கு?"

ரிமூய் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, என் மூஞ்சிய எப்படிப் பாக்கறீங்க?"

"பாக்கப் போறதில்ல. நான் பின் சீட்டு. உன் பின்மண்டைதான் தெரியும்."

"என்னை அடிச்சிடுங்க அத்தை."

"அடிக்கத் தெம்பு இருந்தா நான் எதுக்குடி கிட்னி கழுவப் போறேன்?" அக்காவின் குரல் உடைந்தது. படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கேளு. உன்மேல எனக்கு ஆத்திரம் இருக்கு. இல்லன்னு சொன்னா வாய் வெந்துடும். ராவெல்லாம் உன்னைச் சபிச்சேன். சபிச்சுக்கிட்டே இருக்கறப்ப, 'சீக்கிரம் கொண்டுபோய் விடுடா தெமு'ன்னு என் குரலே எனக்குக் கேட்டுச்சு. என் கால் வலிக்காகத்தானே அவன் இறங்குனான்? ஆறு வாரமா நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைச் சொல்லிக் காட்டலயே."

ரிமூய் தலையை ஆட்டினாள். 

"நேத்து குழியில மண்ணு போடறப்ப நானும் கூடவே படுத்துடலாம்னு இருந்துச்சு. கர்த்தர் விடல. ஏன் விடலன்னு கேட்டேன். பதில் இல்ல. பதில் வர்ற வரைக்கும் உசுரோட இருக்கணும்ல, இல்லன்னா யார்கிட்ட சொல்வாரு? அதுக்கு இன்னிக்கு நான் கீழ போகணும். சாவிய எடு."

"பயமா இருக்கு அத்தை."

"எனக்கு மட்டும் என்ன? தனியா உக்காந்து பயப்படாத. வண்டில வந்து பயப்படு. மூணு பேரும் சேர்ந்து பயப்படுவோம்."

ரிமூய் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முகம் கழுவி, தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு, சாவியோடு வெளியே வந்தாள்.

வண்டி இரண்டு தடவை நின்று மூன்றாவது தடவை கிளம்பியது. நடக்கிறவன் முந்திவிடுகிற வேகம். சரிவில் மண் உதிர்ந்தால் கேட்கவேண்டும் என்று கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னாள். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது. பதினெட்டாவது கல் வந்ததும் அவள் கை கதவுப்பக்கம் போனது. நான் முன் சீட்டில் இருந்தேன். எட்டி அந்தக் கைமேல் என் கையை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அவள் அதை மறுபடி ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனாள்.

பதினேழரை. சரிவு முழுக்கக் கம்பி வலை போட்டிருந்தார்கள். மண் இன்னும் ரத்தச் சிவப்பு. கொடி காட்டும் தொழிலாளி ஒருவர் எங்களை நிறுத்தினார், எதிர் வரிசை லாரிகளை விட்டார், பிறகு எங்களைப் போகச் சொல்லிப் பச்சைக் கொடியை ஆட்டினார். வண்டி நகரவில்லை. ரிமூயின் தாடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

ஏன் அப்போது எனக்கு வாய் திறந்தது என்று தெரியவில்லை. அதற்குமேல் அதை வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை. "யாயுத் அக்கா, யூகானுக்கு சனிக்கிழமை பழம் கொடுத்தது நான்தான். ரெண்டு பழம். ஆகாதுன்னு தெரிஞ்சே கொடுத்தேன்" என்றேன்.

பின்னாலிருந்து அக்கா சொன்னார்: "தெரியும். சட்டை துவைக்க எடுத்தப்ப பைல கொட்டை இருந்துச்சு. ரெண்டு."

நான் அழுதேன். இந்த வயதில், ஒரு சின்னப் பையன் மாதிரி, மூக்கு ஒழுக. பின்னால் அக்காவும் அழுதார். மகன் செத்த அன்றுகூட அவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் கேட்கவில்லை.

கொடிக்காரர் வந்து கண்ணாடி ஓரத்தில் குனிந்தார். "என்னாச்சுக்கா? போலாம்."

"ஒரு நிமிஷம் தம்பி. ஜெபம் பண்ணிட்டுப் போயிடறோம்" என்றாள் ரிமூய். எங்களுக்கே அது புதுசாக இருந்தது. அந்த ஆள் என்ன நினைத்தாரோ, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, லாரிக்காரரைப் பார்த்து ஹார்ன் அடிக்காதே என்று சைகை காட்டினார்.

ரிமூய் கண்ணை மூடவில்லை. சிவப்பு மண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆண்டவரே, கண்ணை மூட முடியல, மன்னிச்சுக்கங்க. என் புருஷன் இங்கதான் கிடந்தாரு. நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. அதை நான் மறக்க மாட்டேன். யூகான் என் வாசலுக்கு வந்தான், நான் கதவைச் சாத்துனேன். அதையும் நீங்க பாத்தீங்க. அதை நீங்க மறக்கணும்னு கேக்க எனக்கு வாய் வரல. மலை இன்னிக்கும் விழலாம். விழாதுன்னு நீங்க எனக்குச் சொல்லல, நானும் கேக்கல. ஆனா என்னைத் தனியா விட்டுடாதீங்க. வண்டில ரெண்டு பேரு உசுரு இருக்கு. இந்த நூறு அடி தாண்டணும். மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம். ஆமென்."

"ஆமென்" என்றோம் நாங்கள். வெளியே அந்தக் கொடிக்காரரும் சொன்னாரோ என்னவோ, உதடு அசைந்தது.

அவள் கியரைப் போட்டாள். நூறு அடிதான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாதையில் நான் போனதில்லை. ஒரு சிறு கல் உருண்டு கம்பி வலையில் மோதி நின்றது. அவளுக்குத் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, ஆனால் பிரேக்கில் கால் வைக்கவில்லை. வளைவு திரும்பியது. ஆறு தெரிந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். மறுபடி அதே நடுக்கம், அதே ஜெபம். இந்தத் தடவை மனதுக்குள். உதடு மட்டும் அசைந்தது.

சனிக்கிழமையும் வந்தாள். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். பயம் போய்விட்டதா என்று ஊரில் என்னைக் கேட்பார்கள். போகவில்லை. கொஞ்ச காலம் அவள் மடியில் ஒரு துண்டு வைத்திருந்தாள், உள்ளங்கை வியர்வையைத் துடைக்க. மழை என்றால் அதிகாலையிலேயே எழுந்து பாதை நிலவரம் கேட்பாள். அடைப்பு என்றால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, வரும்வரை ஃபோனை வைக்கமாட்டாள். முன்பு எதற்கும் பயப்படாமல் ஓட்டிய ரிமூயைவிட, பயந்துகொண்டே ஓட்டுகிற இந்த ரிமூயை நம்பி நான் கண்ணை மூடித் தூங்கியிருக்கிறேன்.

கோயிலுக்கும் வர ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி. பாடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ரிமூயின் அண்ணன்மார் அவள் பிறந்த ஊரிலிருந்து ஒரு பன்றியை யாயுத் அக்கா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் தயால் பழங்குடி மக்களிடம் வழக்கம் அதுதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒன்று உடைந்துவிட்டால் உண்மையைப் பேசி, பன்றி அறுத்து, இரண்டு பக்கமும் ஒரே கறியைச் சாப்பிட வேண்டும். போதகர் ஜெபம் செய்தார். ரிமூய் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், கதவைச் சாத்தியது உட்பட. நானும் எழுந்து என் பங்கைச் சொன்னேன். அக்காவும் தன்னுடையதைச் சொன்னார். பிறகு எல்லாரும் அக்கா வாயையே பார்த்தார்கள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார் அக்கா. "வண்டில போற நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மன்னிச்சுக்கிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை முதல் மணி அடிச்சா எல்லாம் திரும்பி வந்துடுது. திங்கக்கிழமை மறுபடி மொதல்ல இருந்து. இதுக்குமேல எனக்குத் தெரியல. கர்த்தருக்கு இது போதும்னா உங்களுக்கும் போதும்."

ஒரு துண்டுக் கறியை எடுத்துப் பிய்த்து, பாதியை ரிமூய் வாயில் வைத்தார், மீதியைத் தான் சாப்பிட்டார். ரிமூய் மெல்ல முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே அழுதாள். தெமு செத்ததிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த முற்றத்தில் வந்தது. அக்கா அவள் தலையை மடியில் இழுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அழுது முடிகிறவரை எழுந்து போகவில்லை.

யாயுத் அக்கா அதற்கப்புறம் ஒரு வருஷமும் மூன்று மாதமும் இருந்தார். போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷினிலேயே ரத்த அழுத்தம் இறங்கி, ஏறவில்லை. கடைசியில் நினைவு தப்புவதற்குமுன் குளிர்கிறது என்றாராம். ரிமூய் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, இரண்டு பாதத்தையும் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் எதிர்க் கட்டிலில் ஊசியோடு கட்டுண்டு கிடந்தேன். நர்ஸுகள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பிற்பாடு ஒருநாள் கேட்டேன், அக்கா என்ன சொன்னார் என்று. ரிமூய் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "மகன் பேரைத்தான் சொன்னாங்க மாமா. என்னைப் பாத்து, யூகான், வந்துட்டியான்னு கேட்டாங்க. ஆமாம்மா வந்துட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள். 

இப்போது ஒன்பது பேர் உட்காரும் வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். நாளை சனிக்கிழமை. மேலே மழை பிடிக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். காலையில் பாதை நிலவரம் கேட்டுவிட்டுச் சொல்வதாக ரிமூய் சொல்லியிருக்கிறாள். திறந்திருந்தால் ஒன்பது மணிக்கு வண்டி.